பன்னி போன சத்தம்

பாம்புச்செவி சொன்னால் லைனில் எல்லோரும் நம்புவார்கள். தூங்குமூஞ்சி தலையில் அடித்துச் சத்தியம் செய்தாலும் ஒருவரும் நம்பமாட்டார்கள். இத்தனைக்கும் இரண்டு பேரும் ஒரு வயிற்றில் பிறந்த அண்ணன் தம்பி. ஒரே வீட்டில் இருந்து ஒரே அடுப்பில் சமைத்ததைச் சாப்பிடுகிறவர்கள். அண்ணனைக் கட்டிக்கொண்டு அந்த வீட்டுக்கு வந்தவளை அக்கம்பக்கத்தில் மூத்தவள் என்பார்கள், தம்பி பெண்டாட்டியை இளையவள் என்பார்கள்.

லைன் என்றால் எண்ணெய்க் குழாய். மேட்டு நிலத்துக் கிணறுகளில் எடுக்கிற கச்சா எண்ணெய் அந்தக் குழாய்க்குள் இறங்கி, வயல், பாதை, ஆறு, ஊர் எதையும் கண்ணால் பார்க்காமல் மண்ணுக்கடியிலேயே ஓடி, கடலோரத்துச் சுத்திகரிப்பு ஆலையில் போய்த் தலைகாட்டும். அங்கே காய்ச்சிப் பிரித்து டீசலாகவும் பெட்ரோலாகவும் ஆக்கி டேங்கர் லாரியில் ஏற்றி அனுப்புவார்கள். குழாய் இவர்கள் வீட்டுக்குப் பின்னால் போகிறது, அந்த லாரிகள் வீட்டு வாசல் வழியாகத்தான் போகும். "பின்னாடி கறுப்பா போறது முன்னாடி வெளுப்பா திரும்பி வருது. நமக்கு ரெண்டு பக்கமும் நாத்தம்தான் மிச்சம்" என்று தூங்குமூஞ்சி சொல்லிச் சிரிப்பான்.

அன்று மதியம் வீட்டுக்கு வந்தபோது அவன் சிரிக்கவில்லை. முழங்கால் வரை சேறு. கை கழுவாமலே வாசற்படியில் உட்கார்ந்தான். இளையவள் உள்ளே காய்ச்சல் குழந்தையை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"என்ன சொன்னாங்க?" என்று அங்கிருந்தே கேட்டாள்.

"நாளையிலேர்ந்து வர வேணாமாம். இன்னைக்கு ஆள் பத்தலையாம், அதனால சாயங்காலம் வரைக்கும் தோண்டச் சொல்றாங்க. சாப்பிட்டுட்டு போகணும்."

"நீங்க தூங்கினீங்களா?"

"நீயுமாடி கேக்குற?"

"கேக்காம? ஊரே கேக்குது. நான் கேக்கக் கூடாதா?"

"தூங்கல. நேத்து குழந்தைக்கு உடம்பு அனலாக் கொதிச்சுது. நான் அங்க உக்காந்துகிட்டு தூங்குவனா? கண்ணை மூடவே இல்ல. பன்னி வரல. வரல, வரலன்னு நூறு தடவ சொல்லிட்டேன்."

அடுப்படியில் நின்றிருந்த மூத்தவள் கிண்டிக்கொண்டிருந்த குழம்பை விட்டுவிட்டு இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இந்தக் கிணற்று எண்ணெயில் மெழுகு அதிகம். சூடாக இருக்கும்வரை நன்றாக ஓடும். ஆறினால் குழாயின் உள்பக்கத்தில் அப்பிக்கொள்ளும். அதைச் சுரண்டித் தள்ள, பம்ப் நிலையத்தில் குழாயின் வாயைத் திறந்து ரப்பர் தட்டுகள் மாட்டிய உருளை ஒன்றை உள்ளே விடுவார்கள். பின்னால் வருகிற எண்ணெய் அதை முன்னால் தள்ளிக்கொண்டு போகும். அந்த உருளைக்குத்தான் பன்னி என்று பெயர். யார் வைத்தார்களோ, சேற்றைக் கிண்டிக்கொண்டு போகிற ஜாதி என்பதால் பெயர் ஒட்டிக்கொண்டது. தான் எங்கே இருக்கிறோம் என்று சொல்ல அதன் வயிற்றில் ஒரு கருவி உண்டு. அது பாதி நாள் ஊமையாகிவிடும். அதனால் குழாய் மண்ணுக்கு மேலே வருகிற ஒவ்வொரு வால்விலும் ஒரு ஆள் உட்கார்ந்து, இரும்புக் கம்பியின் ஒரு முனையைக் குழாயில் ஊன்றி, மறுமுனையைக் காதில் வைத்துக் காத்திருப்பார். தூரத்தில் கரகரவென்று வரும். கிட்டே வந்ததும் குழாய் இணைப்புகளில் டக்கென்று இடிக்கும். அப்புறம் அடங்கிவிடும். உடனே பம்ப் நிலையத்துக்கு 'போச்சு' என்று சொல்லியாக வேண்டும்.

நேற்றுச் சாயங்காலம் மேட்டு வால்வுக்காரர் 'போச்சு' என்றார். அடுத்தது கல்லுப்பாதை வால்வு, அங்கே பாம்புச்செவி. அவரும் 'போச்சு' என்று அனுப்பினார். அதற்கடுத்தது பாலத்து வால்வு. அங்கே உட்கார்ந்திருந்த தூங்குமூஞ்சி 'வரல' என்றான். கொஞ்ச நேரத்தில் குழாயில் அழுத்தம் ஏறி, பம்பை நிறுத்த வேண்டியதாயிற்று. பன்னி எங்கோ சிக்கிவிட்டது. அண்ணனுக்கும் தம்பிக்கும் நடுவே இருக்கும் என்று விடிந்ததிலிருந்து அங்கங்கே குழி தோண்டிக் குழாயைத் தட்டிப் பார்த்தார்கள். இல்லை. அப்படியானால் பன்னி பாலத்தையும் தாண்டிப் போயிருக்க வேண்டும், தம்பி தூங்கிப்போயிருக்க வேண்டும். சூப்பர்வைசர் அப்படித்தான் கணக்குப் போட்டார். யாராக இருந்தாலும் அப்படித்தான் போடுவார்கள். பாம்புச்செவி சொன்னது தப்பாக இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்?

மூத்தவளுக்குத் தோன்றியது. அவளுக்கு மட்டும்தான் தோன்ற முடியும். அவள் புருஷனுக்குக் காது கேட்காது.

ஒரு காலத்தில் நிஜமாகவே பாம்புச்செவிதான். பம்ப் நிலையத்தில் அந்த ராட்சச எஞ்சின்களின் பக்கத்தில் வேலை பார்த்துப் பார்த்துக் காது கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டது. லைனுக்கு மாறி வந்த பிறகு முழுசாக அடைத்துக்கொண்டது. வெளியே தெரிந்தால் மறுநாள் வேலை இல்லை. வேலையைவிட அந்தப் பெயர் போய்விடும் என்பதுதான் அவருக்குப் பெரிய பயம். உதட்டைப் பார்த்துப் பேச்சைப் பிடிக்கப் பழகிக்கொண்டார். போனில் பேசாமல் ஒற்றை வார்த்தையாக எழுதி அனுப்பினார். பன்னி வருகிற நாளெல்லாம் மூத்தவள் சாப்பாட்டுத் தூக்கோடு கல்லுப்பாதை வால்வுக்குப் போய்விடுவாள். கம்பியைக் காதில் வைப்பவள் அவள்தான். பன்னி தாண்டியதும் அவர் முழங்கையை அழுத்துவாள். அவர் 'போச்சு' என்று அனுப்புவார். "புருஷனை விட்டு அரை நாள் இருக்க மாட்டா. கல்யாணமாகி இத்தனை வருஷமாச்சு, இன்னும் புதுப்பொண்ணுன்னு நெனப்பு" என்று லைன்காரர்கள் கிண்டல் செய்வார்கள். அவளும் வெட்கப்படுவது போல முகத்தை வைத்துக்கொள்வாள்.

நேற்று அவளால் போக முடியவில்லை. தம்பி குழந்தைக்குக் காய்ச்சல் ஏறிக் கண் செருகிவிட்டது. இளையவள் அழுகிற அழுகையில் ஒன்றும் புரியவில்லை. மூத்தவள்தான் குழந்தையை வாரிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். 'நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று அவருக்கு எழுதி அனுப்பினாள். பார்த்துக்கொண்ட லட்சணம் இதுதான்.

பாம்புச்செவி சாப்பிட வந்தார். அண்ணனும் தம்பியும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். மூத்தவள் சோறு போட்டாள், குழம்பு ஊற்றினாள். தம்பி பிசைந்துகொண்டே இருந்தான், வாயில் வைக்கவில்லை.

"அண்ணே."

அவர் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மூத்தவள் தண்ணீர் ஊற்றுகிற சாக்கில் அவர் தோளைத் தொட்டாள். நிமிர்ந்தார்.

"அண்ணே, நிஜமாவே போச்சா?"

"போச்சுடா. இல்லாததையா சொல்வேன்?"

"எனக்கு வரலண்ணே."

"ஒரு நிமிஷம் கண்ணசந்திருப்ப. நான் சூப்பர்வைசர்கிட்ட பேசறேன். வேற எடத்துல போடச் சொல்றேன்."

இளையவள் நிலைப்படியில் வந்து நின்றாள். "பேச வேணாம் மாமா. தூங்குனவன்னு பேர் வாங்கிட்டு வேற எடத்துல யார் சேத்துக்குவாங்க? நான் இந்த வாரமே அம்மா வீட்டுக்குப் போறேன். ஒரு வீட்டுக்குள்ள ஒருத்தர் பொய் சொல்றாங்க. யாருன்னு தெரியாம இங்க உக்காந்து என்னால சோறு திங்க முடியாது."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னதால் பாம்புச்செவிக்குப் பாதிதான் பிடிபட்டது. "போகட்டும், குழந்தைக்கும் மாறுதலா இருக்கும்" என்றார். தூங்குமூஞ்சி சோற்றில் தண்ணீரை ஊற்றிவிட்டு எழுந்து போனான். மூத்தவள் அவன் தட்டை எடுத்து அப்படியே கீழே வைத்தாள். போதும் என்று அந்த நிமிஷத்தில் தோன்றிவிட்டது. இன்று பொழுது சாய்வதற்குள் இதை முடித்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

ஆனால் காது கேட்காதவரிடம் ரகசியம் பேசுவது எப்படி? வீட்டுக்குள் கத்தினால் இளையவளுக்குத் தெரிந்துவிடும், அவளுக்குத் தெரிந்தால் தெருவுக்கே தெரிந்துவிடும். எழுதிக் காட்டலாம். எழுத்தில் கோபம் வராது, அவளோ இன்று கோபப்பட்டாக வேண்டும். அவர் கையைப் பிடித்து எழுப்பினாள். "வால்வு வரைக்கும் வாங்க" என்றாள்.

வீட்டுக்குப் பின்னால் குழாய் போகிற பாதை, மரம் நடக் கூடாது, சுவர் எழுப்பக் கூடாது என்று இரண்டு பக்கமும் கல் நட்டு விட்டிருந்த வெற்று நிலம். வெயில் காய்ந்தது. நடுப்பாதையில் வந்ததும் மூத்தவள் நின்று அவர் முகத்தைப் பார்த்தாள்.

"நேத்து கம்பியில என்ன கேட்டீங்க?"

"பன்னி போற சத்தம்தான்."

"உங்களுக்குத்தான் காது கேக்காதே!" என்று அடிவயிற்றிலிருந்து கத்தினாள். எங்கோ மேய்ந்துகொண்டிருந்த மாடு ஒன்று தலையைத் தூக்கிப் பார்த்தது.

அவர் சுற்றும்முற்றும் பார்த்தார். "சத்தமாவா பேசுற? மெதுவா பேசு."

"கத்துறதுக்குத்தான் இங்க கூட்டிட்டு வந்தேன். மெதுவா பேசிப் பேசித்தான் இங்க வந்து நிக்கிறோம்."

"காது கேக்காட்டி என்ன? கை இருக்குல்ல. குழாய் மேல கைய வச்சிருந்தேன். அதிர்ந்துச்சு. அதிர்ந்து, ஓங்கி, அடங்குச்சு. நீ அழுத்துற நேரத்துல இதே மாதிரிதான் அதிரும். எனக்குத் தெரியாதா?"

"எப்ப அதிர்ந்துச்சு?"

"கல்லு லாரி வர்ற நேரம்..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். பிறகு, "அதுவும் இதுவும் ஒண்ணா? லாரி வேற, பன்னி வேற" என்றார்.

 அவள் அவர் கையைப் பிடித்து, வால்வைச் சுற்றிப் போட்டிருந்த இரும்புக் கூண்டுக்கு இழுத்துப் போனாள். அவர் சாவியால் கூண்டைத் திறந்தார். பாதைக்கு முதுகு காட்டி அவரை உட்கார வைத்து, இரண்டு உள்ளங்கைகளையும் குழாய் மேல் வைத்தாள். பம்ப் நின்றிருந்ததால் உள்ளே எண்ணெய் அசையாமல் கிடந்தது. குழாயில் ஒரு அதிர்வும் இல்லை. கண்ணை மூடச் சொல்லி அவர் இமைகளைத் தொட்டாள்.

காத்திருந்தார்கள். வியர்வை அவர் கழுத்தில் இறங்கியது. கல்லுடைக்கிற குவாரியிலிருந்து ஒரு லாரி பாரம் ஏற்றிக்கொண்டு மெல்ல வந்தது. கூண்டை ஒட்டிய மேட்டில் மூச்சிரைக்க ஏறி, இறக்கத்தில் ஓடிப் போனது.

"வருது" என்றார் அவர். முகம் மலர்ந்திருந்தது. "கிட்ட வருது. ஓங்குது. போச்சு, அடங்கிருச்சு. பாத்தியா, சொன்னேன்ல?"

கண்ணைத் திறந்தார். அவள் பாதையைக் காட்டினாள். லாரி கிளப்பிய புழுதி இன்னும் அடங்கவில்லை. பம்ப் ஓடாத குழாயில் எந்தப் பன்னி போகும்? அவர் புழுதியைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார். கையை எடுத்துத் தொடையில் துடைத்துக்கொண்டார்.  அவளுக்கு அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனால் இரக்கப்பட்டால் காரியம் கெட்டுவிடும்.

"அவன் தூங்கல" என்றார்.

"இல்ல."

"அப்ப பன்னி என்கிட்ட வரவே இல்ல. மேட்டுக்கும் எனக்கும் நடுவுல எங்கயோ கெடக்கு. அவங்க பாலத்துக்கு அந்தப் பக்கம் தோண்டுறாங்க." எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். "மெழுகை இளக்க இருக்கிறதே ஒரு நீராவி வண்டி. அது தப்பான எடத்துல நிக்குது. இன்னொரு ராத்திரி எண்ணெய் இப்படியே ஆறுச்சுன்னா லைனே கட்டியாப் போயிடும்."

"சொல்லிடலாம். வாங்க."

"என்னன்னு சொல்றது? செவிடன்னா?"

"ஆமா. செவிடன்னு. எம்பொண்டாட்டிதான் கேட்டுச் சொல்லுவா, நேத்து அவ வரல, நான் தப்பாச் சொல்லிட்டேன்னு."

"வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

"அனுப்பட்டும். இப்ப தம்பியத்தானே அனுப்பறாங்க. அவன் என்ன பண்ணான்? அவன் பிள்ளையத் தூக்கிட்டு ஓடுனதாலதான் நான் வரல. அவனுக்கே நாம குழி வெட்டணுமா?" கத்திக் கத்தி அவளுக்குத் தொண்டை கட்டிவிட்டது. ஒவ்வொரு வார்த்தையாக உதட்டை விரித்துச் சொன்னாள். "நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா? ரெண்டுல ஒண்ணு இன்னைக்கு நடக்கும்."

அவர் கூண்டைப் பூட்டினார். "நானே சொல்றேன். நீ கூட நில்லு" என்றார்.

பாலத்துக்கு அப்பால் குழி இடுப்பளவு ஆழம் போயிருந்தது. தோண்டுகிற இயந்திரம் ஒரு பக்கம், கொதித்துக்கொண்டு நிற்கும் நீராவி வண்டி ஒரு பக்கம். குழிக்குள் நாலைந்து பேர், அவர்களில் தூங்குமூஞ்சியும் ஒருவன். சூப்பர்வைசர் கரையில் நின்று போனில் யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருந்தார். ராத்திரி முழுக்கத் தூங்காத முகம். பாம்புச்செவியைப் பார்த்ததும் போனை வைத்தார்.

"வாங்கண்ணே. நல்ல நேரத்துல வந்தீங்க. கம்பிய வச்சு ஒரு தடவ கேட்டுச் சொல்லுங்க."

"சார், எனக்குக் காது கேக்காது."

"என்னது?"

"கேக்காது சார். ரொம்ப வருஷமா. லாரி போன அதிர்வ பன்னின்னு நெனச்சு அனுப்பிட்டேன். தம்பி சொன்னதுதான் நெஜம். என் வால்வுக்கு முன்னாடியே பன்னி நின்னுடுச்சு."

சூப்பர்வைசர் அவரையே பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார், வருத்தமான சிரிப்பு. "அண்ணே, உங்க மனசு புரியுது. தம்பி வேலை போறது உங்களுக்குத் தாங்கல. அதுக்காக இப்படியா? லைன் பூரா உங்க காதை வச்சுத்தான் நடக்குது. இப்ப பேசுறதுக்குப் பதில் சொல்றீங்களே, இது எப்படி?"

"உங்க வாயைப் பாத்து."

"வாயைப் பாத்து பன்னி சத்தத்தச் சொன்னீங்களா? எல்லாத் தடவையும் கரெக்டா?"

"அது நான் சார்" என்றாள் மூத்தவள்.

குழிக்குள் மண்வெட்டிச் சத்தம் நின்றது. யாரோ ஒருவர், "குடும்பமே சேந்து காப்பாத்துறாங்கப்பா" என்றார். சூப்பர்வைசருக்கும் அதுதான் தோன்றியிருக்க வேண்டும். "வீட்டுக்குப் போங்கம்மா. எனக்கு நேரம் இல்ல" என்று திரும்பினார். நல்ல பேர் இப்படியும் ஒரு மனுஷனைக் கழுத்தைப் பிடிக்கும் என்று மூத்தவள் அதுவரை நினைத்ததில்லை. இத்தனை வருஷம் தேடித் தேடிச் சேர்த்துக் கொடுத்த பேர். அதை இப்போது அவளே உடைக்க வேண்டும்.

சூப்பர்வைசரின் முன்னால் போய் நின்றாள்.

"சார், ஒரே ஒரு காரியம். அவர் இங்கேயே என்னைப் பாத்து நிக்கட்டும். பின்னாடி நின்னு யாராவது கூப்பிடுங்க. திரும்பினா நாங்க பொய் சொல்றோம்னு வச்சுக்குங்க."

சூப்பர்வைசர் யோசித்தார். குழிக்குள் நின்ற தூங்குமூஞ்சியைப் பார்த்து, "நீயே கூப்பிடுப்பா" என்றார்.

தூங்குமூஞ்சி குழியின் மறுகரையில் ஏறி அண்ணன் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றான். ஒரு ஆள் தூரம்தான். பாம்புச்செவி பெண்டாட்டி முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். மூத்தவளின் வலது கை தானாக எழுந்தது. எத்தனை வருஷப் பழக்கம். யாராவது பின்னால் கூப்பிட்டால் அவர் முழங்கையைத் தொடுவது, கண்ணால் திசை காட்டுவது. அந்தக் கையை இடது கையால் பிடித்து முதுகுக்குப் பின்னால் மடக்கிக்கொண்டாள். கண்ணை அவர் சட்டைப் பொத்தானில் வைத்துக்கொண்டாள்.

"அண்ணே."

அவர் திரும்பவில்லை.

"அண்ணே!" என்று இரண்டாவது முறை பலமாகக் கூப்பிட்டான். நீராவி வண்டிக்காரர் அந்தக் கோடியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

அவர் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கி, "கூப்பிட்டாங்களா?" என்று அவளிடம் மெல்லக் கேட்டார்.   அவள் கையைப் பிடித்த பிடியை விடவில்லை.

மூன்றாவது முறை தூங்குமூஞ்சி கூப்பிட்டபோது குரல் உடைந்துவிட்டது. சின்ன வயசில் தூரத்து விளையாட்டு மைதானத்தில் அவன் கீழே விழுந்து சிணுங்கினாலே வீட்டிலிருந்து ஓடி வந்த அண்ணன், கூப்பிடு தூரத்தில் மரம் மாதிரி நின்றார்.  குழிக்குள் இருந்த ஒருவர் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்.

சூப்பர்வைசர்தான் முதலில் அசைந்தார். "வண்டியத் திருப்புங்க. கல்லுப்பாதைக்கு மேல. மேட்டு வால்வு வரைக்கும் பாக்கணும்" என்றார். பிறகு மூத்தவளிடம், "நீங்கதான் கேட்டீங்கன்னா, இப்பவும் நீங்கதான் கேக்கணும். ஏறுங்க" என்றார்.

வழியெல்லாம் நாலு இடத்தில் குழாய் வரை மண்ணில் துளை போட்டார்கள். பம்பை மெல்ல ஓட்டச் சொன்னார்கள். சிக்கிய பன்னியின் ஓரமாக எண்ணெய் கசிந்து போகும்போது சீறுகிற சத்தம் வரும். மூத்தவள் கம்பியை வைத்து வைத்துக் கேட்டாள். முதல் துளையில் ஒன்றுமில்லை. இரண்டாவதிலும் இல்லை. வாய்க்காலுக்கு அடியில் குழாய் இறங்கி ஏறுகிற இடத்தில் காதை வைத்தவள் கையைத் தூக்கினாள். சூப்பர்வைசரும் கம்பியை வாங்கி வைத்துக் கேட்டார். "ஆமா" என்றார். அங்கே தோண்டினார்கள். அண்ணன் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம் மண்ணை வாரிப் போட்டார்கள். நீராவியைக் குழாய் மேல் விட்டார்கள். மேலே கொதிக்கக் கொதிக்க, உள்ளே மெழுகு இளகி இளகி, பொழுது சாயும் வேளையில் பன்னி ஒரு உலுக்கு உலுக்கிக்கொண்டு கிளம்பியது. குழியைச் சுற்றி நின்ற எல்லோர் காதிலும் அந்தக் கரகரப்பு விழுந்தது. பாம்புச்செவி எல்லோர் முகத்தையும் பார்த்துத் தெரிந்துகொண்டார்.

"தம்பி நாளைக்கு வந்துடட்டும்" என்றார் சூப்பர்வைசர். "ஆனா அண்ணே, உங்கள இனிமே வால்வுல உக்கார வைக்க முடியாது. அது உங்களுக்கே தெரியும்."

"தெரியும் சார்."

"கல்லுப்பாதை வால்வுக்கு ஆள் வேணும்ல?" என்றாள் மூத்தவள். "ஆபீஸ்ல பேசிப் பாருங்க. இல்லேன்னாலும் நாளைக்கு நான் வந்து கேட்டு நிப்பேன். நாளன்னைக்கும் வருவேன்."

சூப்பர்வைசர் தலையை ஆட்டினார். அது சரி என்பதற்கா, உங்களோடு முடியாது என்பதற்கா என்று தெரியவில்லை. அவள் சரி என்றே எடுத்துக்கொண்டாள்.

வாய்க்கால் கரையில் அண்ணனும் தம்பியும் கையில் அப்பிய மெழுகையும் மண்ணையும் டீசல் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.  தம்பி துணியை அண்ணனிடம் கொடுத்தான். அவர் வாங்கிக்கொண்டு அவன் முகத்துக்கு நேரே திரும்பி உட்கார்ந்தார்.

"அங்க என்னை எத்தன தடவடா கூப்பிட்ட?"

தூங்குமூஞ்சி அண்ணியைப் பார்த்தான்.  அவன் அண்ணன் பக்கம் திரும்பி, அவருக்குத் தெரிகிற மாதிரி உதட்டை நன்றாக விரித்துச் சொன்னான்.

"ஒரே ஒரு தடவதாண்ணே."